கூரைமேல் ஒரு பேர்

மணிமேகலை டீச்சரின் எழுத்து அழகாக இருந்தது. அதுதான் வினையாகப் போனது. கோழி கிண்டியது போல எழுதுகிற ஆளாக அவள் இருந்திருந்தால், கண்ணாத்தாள் இன்றைக்கும் கரைத்தெருவில் உட்கார்ந்து தன் வெள்ளாடுகளுக்கு வேப்பங்குழை ஒடித்துப் போட்டுக்கொண்டிருப்பாள். என்ன செய்ய? சிலருக்குக் கை கொடுத்ததே கெடுதலாக முடிகிறது.

கரைத்தெரு வல்லத்திராக்கோட்டைப் பக்கம் ஊர்க் கண்மாயின் கரையை ஒட்டி இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அப்பன் காலத்தில் கீற்றுக் குடிசையாக இருந்து, மகன் காலத்தில் தகரமாகி, பேரன் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போய் வந்து காங்கிரீட் போட்ட வீடுகள். தெருவுக்குக் கரண்டு உண்டு, குழாய்த் தண்ணீர் உண்டு, ஓட்டுக் கேட்க எல்லாக் கட்சிக்காரனும் வருவான். பட்டா மட்டும் கிடையாது. அத்தனையும் கண்மாய்ப் புறம்போக்கு.

கண்மாயை மீட்க வேண்டும் என்று யாரோ போட்ட வழக்கு கோர்ட்டில் கிடந்தது. ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் அவரவர் பேரில் நோட்டீஸ் கொடுத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும் என்று கோர்ட்டு சொல்லியிருந்தது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் தெருவே பிழைத்துக் கிடந்தது. யாராவது ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, "இன்னார் வீடு எதுங்க?" என்று கேட்டால், தெருவில் பால்குடி மறந்த பிள்ளைகூட, "அப்படி யாரும் இங்க இல்லீங்களே" என்று சொல்லும். அடுத்த வீட்டைக் கேட்டால் அதற்கும் அதே பதில்தான். கதவு நம்பர்த் தகடுகளை எப்போதோ பிடுங்கி ஆட்டுத் தொட்டிக்கு முட்டுக் கொடுத்துவிட்டார்கள். வந்த ஆள் வெயிலில் ரெண்டு நடை நடந்து பார்த்துவிட்டு, ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பிப் போவார். தண்ணீர் கொடுப்பதில் மட்டும் தெரு குறை வைத்ததில்லை.

இந்த வித்தையில் கண்ணாத்தாளை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு தடவை வந்தவர், வழியில் யாரிடமோ பேரைக் கேட்டு வைத்துக்கொண்டு, "கண்ணாத்தாள்னு ஒரு அம்மா..." என்று ஆரம்பிக்க, "அவ செத்துப் போயி ரொம்ப நாளாச்சுங்களே, நல்ல மனுசி" என்று தன்னைப் பற்றியே சொல்லி அனுப்பிவைத்தாள். அதைச் சொல்லிச் சொல்லித் தெரு ஒரு மாதம் சிரித்தது.

அவளுக்குச் சொந்தம் என்று அந்தத் தெருவில் யாரும் இல்லை. வாழ்க்கைப்பட்டது மணமேல்குடிப் பக்கம். புருஷன் போன பிறகு, கொழுந்தன்மார் வீட்டில் சம்பளமில்லாத வேலைக்காரியாகக் கிடக்கப் பிடிக்காமல், கையில் ஒரு மூட்டையோடு கிளம்பி வந்து கரையோரத்தில் ஒரு குடிசை போட்டவள். இந்தக் கைக்கும் ஆட்டுக்கும் நடுவில் யாரும் குறுக்கே வரக் கூடாது, அவ்வளவுதான் அவள் கேட்டது. ரேஷன் கார்டுகூட அங்கேதான் கொழுந்தன் வீட்டில் கிடந்தது. "இங்கிட்டு மாத்திக்கலாமேக்கா" என்று மணிமேகலை ஒரு தடவை சொன்னபோது, "மாத்தணும்னா பேரு, தெரு எல்லாத்தையும் எழுதிக் குடுக்கணும்ல டீச்சர். எதுக்கு வம்பு" என்று விட்டுவிட்டாள்.

கண்ணாத்தாளின் குடிசை நடுநிலைப் பள்ளியின் கேட்டுக்கு எதிரில் இருந்தது. மணிமேகலை அந்தப் பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியை. வாரத்தில் மூன்று அரைநாள். பகுதிநேர டீச்சருக்கு ஆசிரியர் அறையில் ஒரு நாற்காலி இருக்கத்தான் செய்தது, ஆனால் அவள் உட்காரப் போகும்போதெல்லாம் அதில் யாருடைய பையாவது இருக்கும். அதனால் மத்தியானச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு கண்ணாத்தாள் வீட்டு வேப்பமர நிழலுக்கு வந்துவிடுவாள். அவள் டப்பாவைத் திறந்தால் கண்ணாத்தாள் கருவாடு சுட்டுக் கொடுப்பாள். இப்படியே நாலைந்து வருஷம் ஓடியிருந்தது. மணிமேகலையின் வீடு ஊருக்குள்ளே, பட்டா நிலத்தில். அவள் புருஷன் ரெங்கராஜ் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். வீடு போய்விடும் என்ற பயம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பாள்.

அன்றைக்குத் தலைமையாசிரியர் அழகுமலை அவளைக் கூப்பிட்டார்.

"டீச்சர், தாலுகா ஆபீஸ்லேர்ந்து போன் வந்துச்சு. அடுத்த வாரம் நம்ம கண்மாய்ப் பக்கம் ட்ரோன் விட்டு அளக்கப் போறாங்களாம். வேற ஊர்ல ஏதோ ஒரு பய கவட்டையால அடிச்சு எறக்கிட்டானாம். நம்ம பிள்ளைங்க அப்படி எதுவும் செஞ்சிரக் கூடாது. ஒரு பீரியடு அதையே வரையச் சொல்லிருங்க. கையால வரைஞ்ச சாமானை யாரும் கல்லால அடிக்க மாட்டான்."

"எதுக்கு சார் அளக்குறாங்க?"

"அதை அவுங்க சொல்லலை. நானும் கேட்கலை."

அவர் கேட்டிருக்கலாம். அவளும் இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். ஆபீஸிலிருந்து போன் வந்தால் 'சரிங்க சார்' என்று சொல்லியே பழகிய வாய்கள் அவை.

ஏழாம் வகுப்பில் கரும்பலகையில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டாள் மணிமேகலை. "இதுதான் ட்ரோனோட எலும்பு. எல்லாரும் முதல்ல இதைப் போடுங்க." நாலு முனையிலும் நாலு வட்டம். நடுவில் சோப்பு டப்பா மாதிரி ஒரு பெட்டி. பெட்டிக்குக் கீழே ரெண்டு கால், கால்களுக்கு நடுவே ஒரு கேமரா. பிள்ளைகள் நாக்கைக் கடித்துக்கொண்டு வரைந்தார்கள். ஒருவன் கேமராவுக்கு இமையும் மையும் வைத்திருந்தான். ஒருத்தி நாலு வட்டத்துக்கும் நாலு விதமாகக் கோலம் போட்டிருந்தாள்.

"டீச்சர், இது பறக்கவே இல்லையே. தரையில ஒக்காந்திருக்க மாதிரியே இருக்கு" என்றாள் கலைமதி. வார்டு மெம்பர் ஆத்மநாதனின் மகள். எதையும் ஒரு தடவைக்கு ரெண்டு தடவை கேட்கிற பிள்ளை.

"நல்ல கேள்வி. பறக்குதுன்னு எப்படிக் காட்டுறது? வட்டத்துக்குள்ள வளைவு வளைவாச் சின்னக் கோடு போடு, விசிறி சுத்துற மாதிரி இருக்கும். அப்புறம் முக்கியமானது நிழல். காலோட ஒட்டி நிழல் போட்டா அது ஒக்காந்திருக்கு. நிழலைத் தள்ளிக் கீழ போட்டா அது பறக்குது."

அவள் சாக்பீஸைப் படுக்கவைத்து, ட்ரோனுக்கு வெகு கீழே சாம்பலாக ஒரு நிழல் தேய்த்தாள். பலகையில் இருந்தது சட்டென்று மேலே எழும்பியது. பிள்ளைகள் "ஏ" என்றார்கள். அந்தச் சத்தத்துக்காகத்தானே அவள் அந்தச் சம்பளத்துக்கும் வேலைக்கு வந்துகொண்டிருந்தாள்.

இதோடு மணி அடித்திருக்கக் கூடாதா? அடிக்கவில்லை. இன்னும் நேரம் இருந்தது. "இப்ப நாம ட்ரோனு. மேலேருந்து பார்த்தா நம்ம ஊரு எப்படி இருக்கும், வரைங்க பாப்போம்" என்றாள். பிள்ளைகள் கட்டம் கட்டமாக வரைந்தார்கள். கண்மாய் ஒரு பெரிய முட்டையாகவும், கரைத்தெரு அதன் ஓரத்தில் ஒட்டிய தீப்பெட்டிகளாகவும் வந்தது.

கலைமதி மறுபடியும் கையைத் தூக்கினாள். "டீச்சர், எங்க வீடு எது, பிரசாந்த் வீடு எதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்? எல்லாமே கட்டமாத்தான இருக்கு?"

"தெரியாது" என்றாள் மணிமேகலை. பிறகு சிரித்துக்கொண்டே, "மாடியில பேரெழுதி வச்சாத் தெரியும்" என்றாள்.

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் வாயிலிருந்து விழுந்தது விழுந்ததுதானே.

கலைமதி அதை வீட்டுக்குக் கொண்டுபோனாள். ட்ரோன் வருகிற சேதி காதில் விழுந்ததிலிருந்தே ஆத்மநாதன் தெருவைக் கூட்டி வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். வடக்கே எங்கேயோ ட்ரோன் விட்டு அளந்து வீட்டுக்கு வீடு பட்டா கொடுத்த வீடியோ அவர் போனுக்கு வந்திருந்தது. நம் ஊருக்கும் அதற்குத்தான் வருகிறது என்று அவர் உறுதியாக நம்பினார். பொய் சொல்கிற மனுஷன் இல்லை அவர். நம்பினார், அவ்வளவுதான். இத்தனை வருஷம் பட்டாவுக்கு மனுக் கொடுத்துக் கொடுத்துச் சலித்த தெருவும் நம்பியது. மகள் சொன்னதைக் கேட்டதும் அவருக்குப் பொறி தட்டிவிட்டது. மறுநாள் சாயங்காலம் பள்ளி கேட்டில் வந்து நின்றார்.

"டீச்சர், ஒங்க யோசனை பிரமாதம். நாம பேரை எழுதி வச்சிட்டா, இவன் வீட்டை அவன் பேருக்கு ஏத்துனான்னு நாளைக்கு ஒரு தகராறு வராது பாருங்க. ஆனா எங்க ஆளுகளுக்கு ஒழுங்கா எழுத வராது. நீங்கதான் எழுதித் தரணும்."

மணிமேகலைக்கு மனசு பூரித்துப்போனது. ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது? அத்தனை வருஷத்தில் அந்த ஊரில் ஒருத்தரும் அவளிடம் 'நீங்கதான் செய்யணும்' என்று வந்து நின்றதில்லை.

சனி, ஞாயிறு ரெண்டு நாளும் அவள் கரைத்தெருவின் மாடிகளில்தான் இருந்தாள். காங்கிரீட் மாடியில் சுண்ணாம்பு அடித்து அதன்மேல் காவியால் எழுதினாள். தகரத்தில் கறுப்பு எனாமல். எழுத்து ஒவ்வொன்றும் ஒரு ஆள் படுத்துக் கிடக்கும் நீளம். ஆத்மநாதன், உதயசூரியன், புவனேஸ்வரி என்று மாடிக்கு மாடி பேர் ஏறியது. இத்தனை காலம் யார் கேட்டாலும் இல்லை என்ற பேர்கள் வெயிலில் பளபளவென்று வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தன. பிள்ளைகள் பெயின்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார்கள். ஒரு வீட்டில் காபி, ஒரு வீட்டில் பணியாரம். தெருவுக்கே திருவிழா மாதிரி இருந்தது.

கண்ணாத்தாள் மட்டும் கூப்பிடவில்லை. கடைசியில் மணிமேகலையே போனாள்.

"எனக்கு வேணாம் டீச்சர்."

"ஏங்க்கா?"

"இத்தன நாளும் பேரச் சொல்லாமத்தான பொழைச்சோம். இப்ப அதையே கூரை மேல எழுதிப் போட்டா, வாரவன் போறவன் எல்லாம் படிப்பானே. எனக்கு என்னமோ சரியாப் படலை."

"அது அப்போக்கா. இது பட்டா குடுக்க வாரது. எல்லார் வீட்டுலயும் பேரு இருந்து ஒங்க வீட்டுல மட்டும் இல்லைன்னா, ஆள் இல்லாத வீடுன்னு விட்டுட்டுப் போயிருவாங்க. அப்புறம் நீங்கதான் அல்லாடணும்."

"கூரைக் கீத்துல என்னத்த எழுதுவீக?"

"அதை நான் பாத்துக்கிறேன். ஒரு வெள்ளைத் துணி குடுங்க."

கண்ணாத்தாள் கொஞ்ச நேரம் ஆட்டின் காதைத் தடவிக்கொண்டு நின்றாள். அப்புறம் உள்ளே போய்த் தகரப் பெட்டியைத் திறந்து ஒரு எட்டு முழ வேட்டியை எடுத்துவந்தாள். புருஷனுடையது. அவள் அதை ஒருநாளும் வெளியே எடுத்து மணிமேகலை பார்த்ததில்லை.

"நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிக் கொடுத்தாள்.

மணிமேகலை அதைத் தரையில் விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்து, கறுப்பு எனாமலில் எழுதினாள். அந்த ரெண்டு நாளில் எழுதியதிலேயே இதைத்தான் மனசு ஒட்டி எழுதினாள். சுழி பிசகாமல், கோடு நடுங்காமல், 'கண்ணாத்தாள்'. காய்ந்ததும் பையன்கள் ஏறிக் கூரையில் இழுத்துக் கட்டினார்கள். கண்ணாத்தாளுக்குப் படிக்கத் தெரியாது. கீழே நின்று அண்ணாந்து பார்த்து, "இதுதான் நானா?" என்று கேட்டாள்.

ட்ரோன் வந்த அன்றைக்குத் தெருவே தலை சீவிப் பவுடர் போட்டு வாசலில் நின்றது. கண்மாய்க்குள்ளிருந்து வண்டுபோல ரீங்காரமிட்டுக்கொண்டு எழும்பி, கரையோரமாக மெதுவாக வந்தது. பிள்ளைகள் கல் எடுக்கவில்லை. கையை ஆட்டினார்கள். "டீச்சர், நிழல் பாருங்க, தள்ளி விழுது" என்று கலைமதி கத்தினாள். நிழல் ஒவ்வொரு மாடியாக ஏறி இறங்கி, கண்ணாத்தாளின் கூரைமேல் வந்து கொஞ்ச நேரம் நின்றது. ஆடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. கண்ணாத்தாள் ஆட்டின் பின்னால் ஓடினாள். எல்லாரும் சிரித்தார்கள். மணிமேகலையும்தான் சிரித்தாள்.

மழைக்காலம் முடிந்து தை பிறந்திருந்தபோது ஆள் வந்தார். இந்தத் தடவையும் கக்கத்தில் ஃபைல்தான். மத்தியான நேரம். மணிமேகலை வேப்பமரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"கண்ணாத்தாள் வீடு எதுங்க?"

"அப்படி யாரும் இங்க இல்லீங்களே" என்றாள் கண்ணாத்தாள், பழக்கத்தில்.

வந்தவர் ஃபைலிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். மேலிருந்து எடுத்த படம். வேப்பமரத்தின் தலை, ஆட்டுத் தொட்டி, நடுவில் கீற்றுக்கூரை, கூரைமேல் வெள்ளை வேட்டி. அதில் கறுப்பாக, தெளிவாக, எட்டு மைல் தூரத்திலிருந்து படித்தாலும் தெரிகிற மாதிரி அந்தப் பேர். அவர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், பிறகு கண்ணாத்தாளைப் பார்த்தார்.

"நீங்கதானம்மா?"

கண்ணாத்தாள் மணிமேகலையைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. 'இப்ப என்ன சொல்லணும் டீச்சர்?' என்று கேட்கிற மாதிரிப் பார்த்தாள். மணிமேகலை சாப்பாட்டு டப்பாவை மூடினாள்.

அன்றைக்குத் தெரு முழுக்க நோட்டீஸ் கொடுத்தார்கள். இத்தனை வருஷம் முடியாத வேலை ஒரு மத்தியானத்தில் முடிந்தது. பட்டா அளக்க வந்த ட்ரோன் இல்லை அது. கண்மாயின் எல்லையை அளக்க வந்தது. எல்லைக்குள் இருக்கிற ஒவ்வொரு வீடும் யாருடையது என்று தெரியாமல்தான் ஆபீஸில் முழித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வேலையை மணிமேகலை தன் கையால், சுண்ணாம்பும் காவியும் குழைத்து, காபி குடித்துக்கொண்டே முடித்துக் கொடுத்திருந்தாள். ஆத்மநாதன் நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டார். யாரும் யாரையும் திட்டவில்லை. திட்ட ஆரம்பித்தால் எங்கே போய் முடியும் என்று எல்லாருக்கும் தெரியும்.

"நீ என்ன வேணும்னா செஞ்ச?" என்று ரெங்கராஜ் ராத்திரி அவள் சோறு போடும்போது கேட்டான். ஆறுதலாகத்தான் கேட்டான். அவளுக்கு அது ஆறவில்லை. வேண்டுமென்று செய்தால் ஒரு மன்னிப்பாவது கேட்கலாம். கெட்டிக்காரத்தனமாகச் செய்துவிட்டு எந்த முகத்தோடு கேட்பது?

பங்குனி வெயிலில் மஞ்சள் மிஷின்கள் வந்தன. அன்றைக்குப் பள்ளியில் ஜன்னலை அடைத்துவிட்டுத்தான் பாடம் நடத்தினார்கள். சத்தத்தை அடைக்க முடியவில்லை. கரைத்தெருப் பிள்ளைகள் யாரும் வரவில்லை. சாயங்காலம் மணிமேகலை கேட்டைத் தாண்டி வெளியே வந்தபோது, உடைந்த காங்கிரீட் பலகைகள் சரிந்து கிடந்தன. ஒன்றில் 'உதய' வரைக்கும் இருந்தது. இன்னொன்றில் ஒரு 'ஸ்வரி'. காவி கொஞ்சமும் மங்கவில்லை. வேப்பமரத்தையும் சாய்த்திருந்தார்கள். ஆடுகள் சாய்ந்த மரத்தின் குழையை நிம்மதியாகத் தின்றுகொண்டிருந்தன. அதுகளுக்கென்ன.

மாற்று இடம் கொடுத்தார்கள். குடுமியான்மலைக்குப் போகிற ரோட்டில் உள்ளே தள்ளி ஒரு செம்மண் பொட்டல். ஊரை விட்டு வெகு தூரம், டவுனைத் தாண்டி. கரைத்தெரு விலாசத்தில் ரேஷன் கார்டு இருந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு மனை கிடைத்தது. கண்ணாத்தாளுக்கு இல்லை. அவள் ஆத்மநாதனின் மனை ஓரத்தில் நாலு கம்பு ஊன்றி உட்கார்ந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டு மணிமேகலை பஸ் ஏறிப் போனாள்.

நாலு கம்புக்கு மேலே அந்த வேட்டியைத்தான் கட்டியிருந்தாள். எழுத்து உள்பக்கம் பார்க்கத் திருப்பிக் கட்டியிருந்தது. உட்கார்ந்து அண்ணாந்தால் தன் எழுத்து தலைக்கு மேலே தெரிந்தது மணிமேகலைக்கு. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சாப்புட்டீகளா டீச்சர்?" என்றாள் கண்ணாத்தாள்.

"என்னைய ரெண்டு வார்த்தை திட்டுங்கக்கா."

"எதுக்கு? நானும் கெடுத்துக்கிட்டதுதான். எழுத வேணாம்னு சொன்னேன், அப்புறம் நானே துணியை எடுத்துக் குடுத்தேன்." கம்பை அசைத்துச் சரி பார்த்தாள். "ஆடுகளை வித்தாச்சு. இங்கிட்டு மேய்ச்சலுக்கு என்ன இருக்கு? ஆபீஸுக்கு ஒரு நடை என்கூட வாரீகளா? எனக்குப் பேசத் தெரியாது."

திங்கட்கிழமை ரெண்டு பேரும் தாலுகா ஆபீஸுக்குப் போனார்கள். கண்ணாத்தாள் வேட்டியை மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தாள். அங்கே மாற்று மனை வேலையைப் பார்க்கிற அதிகாரி சின்ன வயசுக்காரர். உட்காரச் சொன்னார். தண்ணீர்கூடக் கொடுத்தார். குற்றம் சொல்ல இடம் கொடுக்காத மனுஷன். அதுதான் கஷ்டமாக இருந்தது.

"கரைத்தெரு விலாசத்துல ரேஷன் கார்டு இருக்காம்மா?"

"இல்லீங்க. மணமேல்குடிப் பக்கம் கொழுந்தன் வீட்டுல இருக்கு."

"ஓட்டு? வீட்டு வரி ரசீது? கரண்டு பில்?"

"எதுவும் இல்லீங்க. சிம்னி விளக்குதாங்க."

"அப்ப நீங்க அங்க குடியிருந்தீங்கன்னு நான் எதை வச்சு எழுதுறது?"

கண்ணாத்தாள் வேட்டியை எடுத்து மேஜைமேல் விரித்தாள். "இந்தா இருக்குங்க எம் பேரு."

அதிகாரி அதைப் பார்த்தார். பிறகு கம்ப்யூட்டரில் எதையோ தேடித் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். அதே படம். வேப்பமரம், ஆட்டுத் தொட்டி, கூரை. "இதுதானே? எங்களுக்கு ஞாபகம் இருக்கு. தெரு முழுக்க வந்த படத்துல இதுதான் ரொம்பத் தெளிவா இருந்துச்சு. யாரு எழுதுனது?"

"நான்தான் சார்" என்றாள் மணிமேகலை. "நான் அங்க ஸ்கூல்ல டிராயிங் டீச்சர். இந்த அம்மா அங்கதான் குடியிருந்தாங்க. நாலஞ்சு வருசமா அவங்க வீட்டு நிழல்லதான் நான் சாப்பிட்டேன். எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடுறேன்."

"நீங்க சொல்றதை நான் நம்புறேன் டீச்சர். ஆனா அது ரெக்கார்டு ஆகாதே."

"இந்தப் பேரை வச்சுத்தான சார் நோட்டீஸ் குடுத்தீங்க? இந்தப் படத்தை வச்சுத்தான வீட்டை இடிச்சீங்க?"

"ஆமா."

"இடிக்கிறப்ப இருந்த ஆளு, எடம் குடுக்குறப்ப இல்லாமப் போயிருவாங்களா?"

அதிகாரி பேனாவை மூடினார், திறந்தார். "இந்தப் படம் ஆக்கிரமிப்புக்கு ஆதாரம் டீச்சர். குடியிருப்புக்கு இது ஆதாரம் இல்லை. அது வேற சட்டம், இது வேற சட்டம். நானா இதை மாத்த முடியாது. மனுக் குடுங்க, மேல அனுப்புறேன்."

அவர் அனுப்புவார். மணிமேகலைக்கும் அது தெரிந்தது. அது எங்கே போய்ப் படுத்துக்கொள்ளும் என்பதும் தெரிந்தது.

"விடுங்க டீச்சர்" என்று கண்ணாத்தாள் வேட்டியை மடிக்க ஆரம்பித்தாள். "அன்னிக்கு ஒருத்தர்கிட்ட நான் செத்துப் போயிட்டேன்னு சொன்னேன்ல. அதை எழுதி வச்சிட்டாங்க போல." அதிகாரிக்கு அது புரியவில்லை. மணிமேகலைக்குச் சிரிப்பு வரவில்லை.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் மணமேல்குடி பஸ் நின்றிருந்தது. கண்ணாத்தாள் பஸ் ஸ்டாண்டுக் கூரை நிழலில் தன் மூட்டையைச் சரிபார்த்தாள். மூட்டையோடுதான் வந்திருக்கிறாள் என்பதையே மணிமேகலை அப்போதுதான் கவனித்தாள். ஆபீஸில் என்ன சொல்வார்கள் என்று கண்ணாத்தாளுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது.

"எங்க வீட்டுல வந்து இருங்கக்கா. ஒரு அறை சும்மாத்தான் கெடக்கு. அவரும் ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

"எத்தன நாளைக்கு டீச்சர்? கொழுந்தன் வீட்டுல பாத்திரம் தேச்சாலும் அது எனக்குத் தெரிஞ்ச பாத்திரம். ஒங்க வீட்டுல ஒக்காந்து தின்னா எனக்குச் செமிக்காது." அவள் வேட்டியை எடுத்து மணிமேகலையின் கையில் வைத்தாள். "இதை நீங்க வச்சுக்கங்க."

"ஐயோ, வேணாம்க்கா. அண்ணன் வேட்டி."

"கட்டவும் முடியாது, கிழிச்சுத் தொடைக்கவும் மனசு வரலை. சோடா போட்டு ஊற வச்சுப் பாத்துட்டேன், மண்ணெண்ணெய் ஊத்திப் பாத்துட்டேன். எழுத்துப் போக மாட்டேங்குது. அவ்வளவு நல்லா எழுதியிருக்கீக." அதில் குத்தல் எதுவும் இல்லை. குத்தலாக இருக்கக் கூடாதா என்று மணிமேகலை ஏங்கினாள். "பிள்ளைகளுக்கு எழுதிக் காட்ட ஆகும்ல. எழுத்துன்னா இப்படி இருக்கணும்னு."

கண்டக்டர் விசில் கொடுத்தான். கண்ணாத்தாள் மூட்டையை முதலில் ஏற்றிவிட்டு, கம்பியைப் பிடித்து ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. மடியில் வைத்திருந்த மூட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆட்டின் காதைத் தடவுவது போல. பஸ் போய்விட்டது.

மறுநாள் ஏழாம் வகுப்பில் பாதிப் பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. கலைமதி இல்லை, பிரசாந்த் இல்லை. பிள்ளைகள் அன்றைக்கு வரைந்து சுவரில் ஒட்டிய ட்ரோன் படங்கள் அப்படியே இருந்தன. மிச்சமிருந்த பிள்ளைகளில் ஒருத்தி, "இன்னைக்கு என்ன வரையணும் டீச்சர்?" என்று கேட்டாள்.

மணிமேகலை சாக்பீஸை எடுத்தாள். பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். என்ன வரைவது என்று அவளுக்குத் தெரியவில்லை. மணி அடிக்கிற வரைக்கும் அப்படியே நின்றாள்.